85 டிகிரி என்று எழுதியிருந்த அறை: கோலாலம்பூர் ஸ்பா ஒன்றில் என் அக்காவுக்கு நேர்ந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்ப்பள்ளியில் 34 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த என் அக்கா 60 வயதில் பணி ஓய்வு பெற்றபோது என்ன வேண்டும் என்று கேட்டேன். நகையும் வேண்டாம், புடவையும் வேண்டாம், ஒரு நாள் முழுக்க யார் வேலையும் பார்க்காமல் சும்மா படுத்திருக்க வேண்டும் என்றார். அதற்காகவே புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில், கடைவீட்டு வரிசை ஒன்றின் மூன்றாம் மாடியில் இயங்கும் ஸ்பாவில் ஒரு சனிக்கிழமை காலைக்கு இருவர் பெயரிலும் முன்பதிவு செய்தேன். அங்கே கழித்த நான்கு மணி நேரத்தில் நடந்ததையும், அது ஏன் நடந்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். நான் 14 ஆண்டுகளாகத் தங்கும் விடுதிகளின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்பவள். கொதிகலன், நீச்சல்குளப் பம்பு, குளிர்நீர் இயந்திரம் ஆகியவற்றோடுதான் என் நாள் கழிகிறது. அன்று வாடிக்கையாளராகத்தான் போனேன் என்றாலும், பார்த்ததைப் பார்க்காததுபோல் விட்டுவிட என்னால் முடியவில்லை.

ஒருவருக்கு 248 ரிங்கிட் என்ற விலையில் பெண்களுக்கெனத் தனிப் பகுதி, 85 டிகிரி செல்சியஸ் பின்லாந்துச் சௌனா என்னும் உலர்வெப்ப அறை, நீராவி அறை, வெந்நீர்த் தொட்டி, குளிர்நீர்த் தொட்டி, அதன் பிறகு 90 நிமிட உடம்புப்பிடி என்பதே விளம்பரத்தில் கண்ட வாக்குறுதி. காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். பணம் கட்டும்போது 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 8 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்து இருவருக்கும் 585 ரிங்கிட் 28 சென் ஆனது. வரி சட்டப்படியானது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விளம்பரத்தில் 248 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கூடுதல் கட்டணம் உண்டு என்பதற்கான எந்தக் குறியும் இல்லை. அட்டையைத் தேய்த்து ரசீதும் கைக்கு வந்த பிறகுதான், நீராவி அறை பழுதாகி இரண்டு வாரமாகிறது என்று முகப்பில் இருந்த பெண் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு நாளுக்கு மாற்றியிருப்போம் என்று அவருக்கும் தெரியும்.

பிறகு ஒரு படிவம் தந்தார்கள். எந்த வாசனை எண்ணெய் வேண்டும், அழுத்தம் மிதமாகவா பலமாகவா, எந்த இசை பிடிக்கும், எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டிருந்த அந்தத் தாளில், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி இல்லை. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயம், கர்ப்பம் என்று ஒரு சொல்லும் இல்லை. அடியில் மட்டும் சிறிய எழுத்தில், எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வரியும் கையெழுத்துக்கான கோடும் இருந்தன. அக்கா ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்து வருகிறார், அன்று காலையும் எடுத்திருந்தார். நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் சூட்டை விலைக்கு விற்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

சௌனா அறைக்குள் நுழைந்தபோது மணி 10.25. சுவரில் இருந்த வெப்பமானி 41 காட்டியது. முன்பதிவு செய்தவர்கள் வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அடுப்பை முடுக்கியிருக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள சௌனாவுக்கும் சூடேற அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும் என்பதால் பொறுத்துக்கொண்டோம். 10.50க்கு 52. 11.10க்கு 58. அதற்கு மேல் முள் அசையவில்லை. பின்லாந்துச் சௌனா என்பது 80 முதல் 100 டிகிரி வரை சூடும் குறைந்த ஈரப்பதமும் கொண்ட அறை. 58 டிகிரியில் வேர்வை மெல்லத் துளிர்க்கும், நெஞ்சு மட்டும் புழுங்கும். வெப்பம் தரும் விறுவிறுப்பும் இல்லை, வெளியே வந்தால் கிடைக்கும் இலேசும் இல்லை.

ஏன் ஏறவில்லை என்பதற்கான காரணம் அந்த அறையிலேயே எழுதி ஒட்டப்பட்டிருந்தது. அடுப்பின் பக்கவாட்டில் இருந்த தகட்டில் அதன் திறன் 6 கிலோவாட் என்று இருந்தது. ஒரு கன மீட்டர் அறைக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் கையாளும் கணக்கு. என் கைச் சாணால் அளந்து பார்த்ததில் அறை 2.4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம், அதாவது பத்தரைக் கன மீட்டருக்குச் சற்று மேல். அத்தோடு முன்பக்கச் சுவர் முழுவதையும் கண்ணாடியாகப் போட்டிருந்தார்கள். மரச்சுவரைப்போல் கண்ணாடி சூட்டைத் தடுத்து நிறுத்தாது என்பதால், ஒவ்வொரு சதுர மீட்டர் கண்ணாடிக்கும் ஏறத்தாழ 1.2 கன மீட்டரைக் கூடுதலாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் அந்த அடுப்பு சூடாக்க வேண்டியது 17 கன மீட்டர் அறை. 6 கிலோவாட்டை வைத்துக்கொண்டு அதை 85 டிகிரிக்குக் கொண்டுபோக எந்த மாதத்திலும் எந்த மணி நேரத்திலும் முடியாது. பழைய கடைவீடுகளில் பெரிய அடுப்புக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் இல்லாமல் இருப்பது உண்டு, இணைப்பை மாற்றச் செலவும் அதிகம். இங்கும் அதனால்தான் சிறிய அடுப்பை வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் விளம்பரத்தில் இருக்கும் 85 என்ற எண் ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை.

அடுப்பின் மேல் இருந்த கற்களைக் குனிந்து பார்த்தேன். சூடு தாங்கும் அடர்த்தியான கல் வகையைப் பரப்ப வேண்டிய இடத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பூச்சட்டிகளில் போடும் வழவழப்பான வெள்ளைக் கூழாங்கற்கள் இருந்தன. அவற்றில் இரண்டு வெடித்து இரண்டாகப் பிளந்திருந்தன. பக்கத்தில் மரவாளியும் நீண்ட கைப்பிடி வைத்த அகப்பையும் அழகாக வைக்கப்பட்டிருந்தன. வாளிக்குள் தண்ணீருக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஆர்க்கிட் பூ. அடுப்புக்கு மேலே, கற்களில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற அறிவிப்பு. சூடேறிய கல்லில் தண்ணீரை ஊற்றி எழுப்பும் ஆவியைப் பின்லாந்துக்காரர்கள் லோய்லு என்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுகளின் பட்டியலில் சேர்த்த சௌனாப் பண்பாட்டின் உயிரே அந்த ஆவிதான். வாளியைக் காட்சிக்கு வைத்துவிட்டுத் தண்ணீரைத் தடை செய்த அந்த மூலையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்குக் கீழே இருக்க வேண்டிய காற்றுத் துவாரமும் ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்தது. ஏறாத சூட்டை ஏற்றுவதற்காக யாரோ செய்த வேலை அது. அப்படிச் செய்தும் சூடு ஏறவில்லை, மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

இவையெல்லாம் ஏமாற்றம் மட்டுமே என்றால் நான் இத்தனை விரிவாக எழுத மாட்டேன். சௌனா சூடாகாததால்தான் அக்கா 11.10க்கு எழுந்து வெந்நீர்த் தொட்டிக்குப் போனார். நடந்தது அங்கேதான்.

தொட்டியின் காட்சித் திரை 41 டிகிரி காட்டியது. இத்தகைய தொட்டிகளில் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு, முதியவர்களுக்கு அதுவே அதிகம். எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற அறிவிப்பு கிடையாது, பார்த்துத் தெரிந்துகொள்ளச் சுவரில் கடிகாரமும் கிடையாது. தண்ணீர் இலேசாகக் கலங்கியிருந்தது. விளிம்பில் கை வைத்தால் வழுக்கியது. குளோரின் நெடி கண்ணைக் கரித்தது. நெடி பலமாக இருந்தால் மருந்து நிறையப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. குளோரின் வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமீனாக மாறிய பிறகுதான் அந்த நெடி எழும். அதாவது கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் ஏற்கெனவே செலவாகிப்போயிருக்கும்.

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் பரிசோதனைப் பதிவுத் தாள் ஒன்று தொங்கியது. தேதி, நேரம், குளோரின், பி.எச். (அமில-கார அளவு) என்று கட்டம் போட்ட தாள். கடைசி 11 நாள்களுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அதற்கு மேலே, மாதத் தொடக்கத்திலிருந்து எல்லா வரிகளிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை, ஒரே எண்கள்: குளோரின் 3.0, பி.எச். 7.4. நான் பார்த்துக்கொள்ளும் குளத்தில் காலை எண்ணும் மாலை எண்ணும் ஒன்றாக இருந்த நாள் அரிது. ஆள் கூடினால் குளோரின் இறங்கும், மழை பெய்தால் பி.எச். மாறும், மருந்து போட்டால் இரண்டுமே நகரும். நாள் முழுக்க ஆள்கள் இறங்கி ஏறும் சிறிய தொட்டியில் எண்கள் ஒரு புள்ளிகூட அசையவில்லை என்றால், அவை தண்ணீரைச் சோதித்து எழுதிய எண்கள் அல்ல. ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

அந்தத் தாளை நான் படித்துக்கொண்டிருந்தபோது அக்கா தொட்டியில் பதினைந்து நிமிடம் கழித்துவிட்டிருந்தார். வெளியே வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் கைப்பிடியைப் பற்றி எழுந்து இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியில் நின்று, "கண்ணு இருட்டுதும்மா" என்றார். முகம் வெளுத்து உதடு சாம்பல் நிறமானது. நான் அவர் அக்குளுக்குள் கை கொடுத்து ஈரத் தரையில் மெல்ல உட்கார வைத்தேன். அவர் தனியாக இருந்திருந்தால் பின்பக்கமாகத் தண்ணீருக்குள்ளேயே விழுந்திருப்பார். சுவரில் அவசர அழைப்புக்கான சிவப்புக் கயிறு இருந்தது. தரை துடைப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது போலும், அதை மேலே சுருட்டி என் கைக்கு எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கத்திக் கூப்பிட்டேன். ஒரு நிமிடமாவது கழிந்திருக்கும், ஆள் வந்தது.

மருத்துவர் பிறகு விளக்கியதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வெந்நீரில் இருக்கும்போது தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. ஆனால் தண்ணீரின் எடை கால்களைச் சுற்றி அழுத்திக்கொண்டிருப்பதால் இரத்தம் கீழே தேங்காமல் மேலே வருகிறது. எழுந்து வெளியே வந்த நொடியில் அந்தத் தாங்கல் போய்விடுகிறது, குழாய்களோ விரிந்தபடியே இருக்கின்றன. இரத்தம் கால்களுக்கு இறங்க, மூளைக்குப் போவது குறைகிறது. அம்லோடிபின் வேலை செய்வதும் இரத்தக் குழாய்களை விரித்துத்தான். ஆக, மாத்திரையும் வெந்நீரும் ஒரே திசையில் இழுத்தன. சௌனாவில் முக்கால் மணி நேரம் புழுங்கி இழந்த நீரை ஈடுகட்ட ஒரு குவளைத் தண்ணீர்கூட யாரும் தரவில்லை, கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. குளிர்நீர்த் தொட்டி என்ற பெயரில் இருந்ததில் கை விட்டுப் பார்த்தேன், குழாய்த் தண்ணீரின் சூடுதான். உடம்பைத் தணித்துக்கொள்ள அங்கே இடமே இல்லை.

ஓடி வந்தவர் உடம்புப்பிடி செய்யும் இந்தோனேசியப் பெண். வந்ததும் அக்காவைப் படுக்கவைத்து, சுருட்டிய துவாலைகளைக் காலுக்கு அடியில் வைத்து உயர்த்தினார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். "அக்கா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று மலாயில் கேட்டார். அந்த மாடியில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். அவரே துவாலை மடிக்கிறார், தேநீர் போடுகிறார், அறை கூட்டுகிறார். ஆள் போதாத இடத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க ஒருவர் எப்படி இருப்பார்? இந்த ஆய்வில் எந்தத் தொழிலாளர் மீதும் எனக்குக் குற்றம் சொல்ல மனமில்லை. பதிவுத் தாளில் ஒரே எண்ணை எழுதியவரிடம் சோதனைக் கருவி கொடுக்கப்பட்டிருந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

உடம்புப்பிடி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 90 நிமிடம் என்றது கால் கழுவுவதையும் தேநீரையும் சேர்த்தாம். கை பட்டது 65 நிமிடம். துவாலை ஈர வாடை அடித்தது. அக்கா படுக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார்.

மலேசிய வெயிலுக்குச் சௌனா எதற்கு, அதனால்தான் இப்படியெல்லாம் ஆகிறது என்று உறவினர் சிலர் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. சூட்டால் உடம்பைத் தேற்றுவது நமக்குப் புதிதா என்ன? சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் வேது என்னும் ஆவி பிடித்தலும் உண்டு, தொக்கணம் என்னும் உடம்புப்பிடியும் உண்டு. மலாய்க்காரர்கள் பிள்ளை பெற்றவளுக்குப் பெர்தங்காஸ் என்று மூலிகை ஆவி பிடிக்கவைப்பார்கள். நாங்கள் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் சளி பிடித்தால் பாட்டி நொச்சித் தழை போட்டுக் கொதித்த பானையை முன்னால் வைத்துக் கம்பளியால் மூடுவார். மூடிவிட்டுப் போய்விட மாட்டார். வெளியே முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு முட்டுகிறதா, போதுமா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிரிக்ஃபீல்ட்ஸில், 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் அதே வட்டாரத்தில், பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களுக்கு நான் பல ஆண்டுகளாகப் போகிறேன். அங்கே அலங்கார விளக்கு இல்லை, ஆர்க்கிட் இல்லை. கை வைப்பதற்கு முன் எங்கே வலி, என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டுவிடுகிறார்கள். நாங்கள் போன ஸ்பாவில் இல்லாமல் போனது இந்த ஆள்தான். சூட்டை வாங்கி வைத்தார்கள், அதன் பக்கத்தில் உட்கார ஒருவரை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்காவின் இடுப்பிலும் தொடையிலும், நீச்சலுடை மூடியிருந்த இடங்களில் நெருக்கமாகச் சிவந்த கொப்புளங்கள் கிளம்பின. சிகிச்சையக மருத்துவர் பார்த்தவுடன் கேட்டது, "வெந்நீர்த் தொட்டியில் இறங்கினீர்களா?" என்பதுதான். சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் மயிர்க்கால்களில் புகுந்து உண்டாக்கும் அழற்சி அது. குளோரின் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அது பெருகும். ஒரு வாரத்தில் தானாகவே அடங்கியது. அதே மாதிரியான பராமரிக்கப்படாத தண்ணீரிலிருந்து எழும் நுண்துளிகளை மூச்சோடு உள்ளிழுத்தால் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதையும், முதியவர்களுக்கு அது உயிராபத்து என்பதையும் எங்கள் தொழிலில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள். அதை நினைத்து அந்த வாரம் முழுக்க நான் அக்காவின் இருமலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை.

அன்று புறப்படும்போது மேலாளர் அடுத்த வருகைக்கு 20 விழுக்காடு கழிவு தருவதாகச் சொன்னார். பத்து முறைக்கான தொகுப்பு வாங்கினால் இன்னும் குறையும் என்றும் சேர்த்துக்கொண்டார். தரையில் கிடந்தவரின் தலைமுடி இன்னும் காயவில்லை. கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டி, பொறுப்பல்ல என்று தெளிவாக எழுதியிருக்கிறதே என்றார். அந்த வரியைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுபவர்கள் நம்மில் ஏராளம் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தரப்படும் என்ற உத்தரவாதத்தைச் சேவை தருபவர் மீது சுமத்துகிறது. அச்சட்டத்துக்கு முரணாக ஒப்பந்தத்தில் எதை எழுதிக்கொண்டாலும் சட்டமே நிற்கும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. விலை குறித்துத் தவறான எண்ணம் உண்டாக்குவது 12ஆம் பிரிவின்படி குற்றம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல் நாமே பதிவு செய்யலாம்.

முதலில் ஸ்பாவுக்கு எழுதினேன். சௌனா வெப்பமானி, அடுப்புத் தகடு, பதிவுத் தாள் ஆகியவை இருந்த மூலைகளை மட்டும் வேறு யாரும் இல்லாத நேரத்தில் எடுத்த படங்களையும் ரசீதையும் மருத்துவரின் சீட்டையும் இணைத்தேன். பதினாறு நாள் பதில் இல்லை. நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதிவு செய்து, தொட்டி நிலைமை குறித்துக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடமும் புகார் கொடுத்தேன். விசாரணைக்கு எட்டு நாள் இருக்கும்போது தொலைபேசி வந்தது. நல்லெண்ண அடிப்படையில் முழுத் தொகையையும் திருப்பித் தருகிறோம், கோரிக்கையை மீட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். விசாரணை வரை போக வேண்டும் என்பது என் விருப்பம். அக்காதான், "போதும்மா, அந்தப் பிள்ளைக்கு வேலை போயிடக்கூடாது" என்றார். காலை உயர்த்திப் பிடித்த அந்தப் பெண்ணைத்தான் சொன்னார். 585 ரிங்கிட் 28 சென் கணக்கில் சேர்ந்தது.

கோரிக்கையை மீட்டுக்கொண்ட கடிதத்தோடு ஒரு பக்கப் படிவம் ஒன்றையும் நானே தயாரித்து அனுப்பினேன். என்ன மருந்து எடுக்கிறீர்கள், இரத்த அழுத்தமோ இதய நோயோ உண்டா, கர்ப்பமா, இன்று என்ன சாப்பிட்டீர்கள், தனியாக வந்திருக்கிறீர்களா என்று ஐந்தே கேள்விகள், மலாயிலும் தமிழிலும். அவசரக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துவிடும்படியும் அடியில் எழுதியிருந்தேன். கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.